பழைய கார்: கன்சல்டிங்கில் விடுவதா, நேராகக் கைமாற்றுவதா?

கோவையில் 22 ஆண்டுகள் கார் கன்சல்டிங், அதாவது பழைய கார் வாங்கி விற்கும் கடை, நடத்தினேன். இப்போது கடை இல்லை. அதனால் யாரையும் எந்தப் பக்கமும் தள்ளிவிட வேண்டிய தேவையும் இல்லை. கேளுங்கள்.

திருப்பூரிலிருந்து: அண்ணே, 2017 ஸ்விஃப்ட் பெட்ரோல், நான்தான் ஃபர்ஸ்ட் ஓனர். கன்சல்டிங்கில் 4.10-க்குக் கேட்கிறார்கள். பக்கத்துத் தெருக்காரர் 4.60 தருகிறேன் என்கிறார். நடுவில் இருக்கிற ஐம்பதாயிரம் எங்கே போகிறது?

தம்பி, கடை வாடகை, ஆள் சம்பளம், விற்காமல் நிற்கிற வண்டியில் முடங்கிய பணத்துக்கு வட்டி, பாலிஷ், தேய்ந்த டயர் என்று எல்லாம் அதில்தான் போகிறது. விற்ற மாதமே கிளட்ச் போனால் வாங்குகிற திட்டுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஜி.எஸ்.டி.யும் இருக்கிறது. 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய கவுன்சில் பழைய வண்டிகளுக்கு ஒரே சீராக 18 விழுக்காடு என்று வைத்தது. பலர் பயப்படுவதுபோல் முழு விலைக்கும் அல்ல, வியாபாரியின் லாபத்துக்கு மட்டும். நீங்களும் தெருக்காரரும் உங்களுக்குள் கைமாற்றினால் அந்த வரி கிடையாது.

உங்கள் வண்டி சுத்தமாக இருந்தால் தெருக்காரருக்கே கொடுங்கள். ஒன்று மட்டும்: வைப்பர் கிறீச்சிட்டாலும் அவர் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார். தெரிந்த குறைகளை எல்லாம் எழுதி, அதிலேயே அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். நட்பும் கெடாது.

சேலத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை: காரைக் கொடுத்து ஆறு மாதம் ஆகிறது. கன்சல்டிங்காரர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கினார். வாங்குபவர் பெயரை எழுதவில்லை. இப்போது ஓசூர் பக்கம் சிக்னல் தாண்டியதாக என் கைப்பேசிக்கு அபராதம் வருகிறது.

அம்மா, இது எங்கள் தொழிலின் பழைய கெட்ட பழக்கம். நானும் செய்திருக்கிறேன், மறைக்க மாட்டேன். வண்டி கடைக்கு வரும்போது அடுத்து யார் வாங்குவார் என்று தெரியாது. நடுவில் ஒருமுறை கடைக்காரர் பெயருக்கு மாற்றினால் செலவு, தவிர ஆர்.சி.யில் ஓனர் எண்ணிக்கையும் ஒன்று கூடும், விலை இறங்கும். அதனால்தான் பெயரைக் காலியாக விடுவது. அந்தத் தாள் மூன்று ஊர் சுற்றிய பிறகும் 'வாகன்' என்ற அரசின் இணையப் பதிவில் உங்கள் பெயர்தான் நிற்கும்.

அபராதம் சின்ன விஷயம். பல கை மாறிய ஒரு கார் 2009-இல் விபத்தில் சிக்கி, அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018-இல் வந்த தீர்ப்பு நஷ்டஈட்டுப் பொறுப்பைப் பதிவில் பெயர் இருந்தவர் மேல்தான் வைத்தது. 'நான் எப்போதோ விற்றுவிட்டேன்' என்றது எடுபடவில்லை.

நாளைக்கே இதைச் செய்யுங்கள். கடையில் போட்ட டெலிவரி நோட்டின் நகலை எடுத்துக்கொண்டு போய், வாங்கியவரின் முகவரியையும் அடையாள அட்டை நகலையும் கேளுங்கள். வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், எந்தத் தேதியில் யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். கடைக்காரர் மழுப்பினால் காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுங்கள். மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் பதிய வேண்டும் என்பது சட்டம். தாமதம்தான், ஆனாலும் தெரிவித்துவிடுங்கள்.

இனி விற்பவர்களுக்கு: 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகளுக்கு என்று தனி விதி நடப்பில் இருக்கிறது. பதிவு அதிகாரி கொடுத்த அங்கீகாரச் சான்று உள்ள கடையில் வண்டியை விடும்போது படிவம் 29சி மூலம் இணையத்தில் தெரிவித்துவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து பொறுப்பு கடைக்காரருடையது. கடைக்குள் நுழைந்ததும் விலை கேட்காதீர்கள், அந்தச் சான்றைக் கேளுங்கள். முகம் மாறினால் வெளியே வந்துவிடுங்கள்.

ஈரோட்டிலிருந்து: மூன்று லட்சத்தையும் ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. ஒரே வியாபாரத்துக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். வங்கி வழியாக வாங்குங்கள்.

சென்னையிலிருந்து: சார், வேளச்சேரியில் ஒரு கார், சந்தை விலையைவிட ஒரு லட்சம் குறைவு. உரிமையாளரே நேரில் விற்கிறார். வெள்ளத்தில் நின்ற வண்டியோ என்று சந்தேகம்.

சந்தேகம் நியாயம்தான். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தப் பக்கம் கழுத்தளவு மூழ்கிய கார்களைப் பார்த்தோம். அதில் பலவும் கழுவித் துடைத்து ஏதோ ஓர் ஊரில் இன்று ஓடிக்கொண்டிருக்கின்றன.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வழக்கமாக யாரும் இழுக்காத அந்த அடிப்பகுதியில் சேற்றுக் கறை தங்கியிருக்கும், கழுவுகிறவர் அதை மறந்துவிடுவார். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் பாருங்கள். சீட்டை முன்னே தள்ளித் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவுங்கள். ஹெட்லைட் கண்ணாடிக்குள் நீர்க்கோடு, ஃபியூஸ் பெட்டிக்குள் பச்சை பூத்த செம்பு, இவை பொய் சொல்லாது. எட்டு வயசு வண்டியில் தரைவிரிப்பு மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். உள்ளே வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால், கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு அரை மணி வெயிலில் நிறுத்துங்கள். பழைய ஈர வாடை தானாக வெளியே வரும்.

இவ்வளவும் பார்த்தபின் சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்து பழைய பில்களைக் கேளுங்கள். கேட்க வேண்டாம் என்று உரிமையாளர் தடுத்தால் அதிலேயே பதில் இருக்கிறது.

மதுரையிலிருந்து: மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கும் அதே சர்வீஸ் பில்தான். ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் எழுதியிருப்பார்கள். பில் இல்லையென்றால் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் 3219 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் செய்தது. 2018 மாடல், 30,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார், ஆனால் நான்கு டயரும் 2023 என்றால் கணக்கு உதைக்கிறது. பிரேக் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருப்பதும் காட்டிக்கொடுக்கும். தனியாரிடம் வாங்கினால் மீட்டர் பயம் இல்லை என்பது வெறும் நம்பிக்கை. கடைக்கு வரும் முன்பே திருப்பப்பட்ட வண்டிகளை நான் ஏமாந்து வாங்கியிருக்கிறேன்.

திருச்சியிலிருந்து: லோன் 1.80 லட்சம் பாக்கி. தனியாருக்கு விற்க முடியுமா?

முடியும். ஆனால் வாங்குபவருக்குத் தைரியம் வேண்டும். அவர் பணத்தில் 1.80-ஐ உங்கள் கையில் தராமல் லோன் கணக்கிலேயே நேராகக் கட்டட்டும், மீதி உங்களுக்கு. வங்கியிடம் 'ஆட்சேபணை இல்லை' என்ற என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் ஹெச்.பி. எனப்படும் கடன் குறிப்பு ரத்தானபின் பெயர் மாற்றம். நடுவில் சில வாரம் ஓடும். அந்தக் காத்திருப்பு தாங்காது என்றால் இங்கே கன்சல்டிங்தான் வசதி, முன்பணம் போட்டு லோனை அவர்களே முடித்துவிடுவார்கள். கொஞ்சம் விலை குறையும், குறையட்டும்.

நாகர்கோவிலிலிருந்து: இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அது வண்டியோடு வந்துவிடும் என்கிறார் விற்பவர்.

பாதிதான் உண்மை. மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு வரும். உங்கள் காருக்கே அடிபட்டால் பணம் வர, பாலிசி உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். 14 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். என் சொந்தக்காரர் ஒருவர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 20-ஆவது நாள் புளியமரத்தில் இடித்தார். ஒரு ரூபாய் வரவில்லை.

நோ க்ளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கான பிரீமியத் தள்ளுபடி, விற்பவருடையது, வண்டியோடு வராது. அதனால் பெயர் மாற்றும்போது அந்தத் தள்ளுபடி அளவுக்கு உங்களிடம் பணம் கேட்பார்கள், திகைக்க வேண்டாம். விற்பவர்களும் ஃபாஸ்டேக்கை மூடிவிட்டுச் சாவியைக் கொடுங்கள், இல்லாவிட்டால் வாங்கியவர் போகிற டோல்கேட்டுக்கெல்லாம் உங்கள் பணம் போகும்.

கரூரிலிருந்து: முதல் கார். எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. எங்கே வாங்கட்டும்?

கார் கம்பெனிகளே நடத்தும் பழைய கார் கடைக்குப் போங்கள். விலை கூடத்தான். வாரண்டி எதற்கெல்லாம் செல்லாது என்றும் ஒரு பக்கம் எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள். இல்லை, தனியாரிடம்தான் என்றால் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். காலையில், இஞ்சின் சூடாகும் முன் போங்கள். நீங்கள் வரும்போதே வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால், ஒரு டீ குடித்துவிட்டு அது ஆறும் வரை காத்திருங்கள்.