முந்நூறு அடித்த கதையும் குளிர்கால ஒப்பந்தங்களும்

தம்பி, நீங்கள் ரொறன்ரோவுக்கு வந்து நான்கு மாதந்தான் ஆகிறது என்றும், ஸ்காபரோவில் நீங்கள் வேலை செய்யும் பண்டகசாலையின் உணவறையில் எல்லோரும் பேஸ்போலைப் பற்றியே வாதாடுகிறார்கள் என்றும், ஒரு பந்துகூட வீசப்படாத இந்தக் குளிர்காலத்தில் "யாரை எடுப்பார்கள், யார் அடிப்பார்" என்று அப்படி என்ன பேச்சு என்றும், அதில் நீங்களும் வாய் திறக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, சாரதி அனுமதிப்பத்திரம், குளிரங்கி பற்றி மூன்று கேள்விகள். அவற்றுக்குப் பதில் சொல்ல இந்த ஊரில் நம்மவர் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முதற்கேள்விக்குத்தான் ஆளில்லை, ஆகவே அதற்கே பதில் எழுதுகிறேன்.

வாய் திறக்கலாம், ஆனால் இந்தக் குளிர்காலம் முடியும்வரை வேண்டாம். காரணம் சொல்கிறேன். நான் 1996 டிசெம்பரில் வந்து இறங்கி, ஒரு பிளாஸ்ரிக் ஆலையில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். அந்த மாதந்தான் ரொஜர் கிளெமென்ஸ் என்ற பந்தெறிபவரை ரொறன்ரோவின் புளூ ஜேஸ் அணி பொஸ்ரனிடமிருந்து இழுத்துக்கொண்டது. உணவறையில் அதே பேச்சு. பேச்சுக்கிடையில் எங்கள் மேற்பார்வையாளர் வேறொரு ஆட்டக்காரரைக் குறிப்பிட்டு, "அவன் முந்நூறு அடிப்பவன், ஆனாலும் வைத்திருக்க மாட்டார்கள்" என்றார். இலங்கை உலகக் கிண்ணத்தை வென்ற ஆண்டு அது. துடுப்பாட்டத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பில் இருந்தவன் நான். "முந்நூறு ஓட்டம் அடித்தவரை ஏன் நீக்குகிறார்கள்? எத்தனை இன்னிங்ஸில் அடித்தார்?" என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். உணவறையே சிரித்தது. அந்த ஆலையை விட்டு விலகும்வரை என் பெயர் "முந்நூறு" என்றே இருந்தது.

அவர் சொன்னது .300 என்ற அடிசராசரியை. அதாவது பத்து முறை அடிக்க நின்றால் மூன்று முறை ஹிட்: பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் ஓடி ஒரு தளத்தைச் சேர்வது. நமது சராசரி ஓட்டங்களை ஆட்டமிழப்புகளால் வகுத்து வருவது. இவர்களுடைய சராசரியில் ஓட்டம் என்பதே கிடையாது. பத்தில் ஏழு முறை தோற்பவன் இங்கே சிறந்த அடிகாரன் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. இப்போது பந்தெறிபவர்களின் வேகம் கூடிவிட்டதால் 2025இல் முழு லீக்கின் சராசரியே .245 அளவில்தான் நின்றது. ஆகவே .260 அடிப்பவரைப் பார்த்து நீங்கள் உதட்டைப் பிதுக்கினால், பிழை உங்களுடையதுதான்.

அந்தச் சராசரியை மட்டும் நம்பியும் பேசாதீர்கள். பந்தெறிபவர் நான்கு தவறான பந்துகளை வீசினால் அடிப்பவர் இலவசமாக முதற்தளத்துக்கு நடந்து போவார். அந்த வோக் சராசரியில் சேராது. 2025 உலகத் தொடரின், அதாவது லீக்கின் இறுதித் தொடரின், மூன்றாவது ஆட்டம் வழக்கமான ஒன்பதைத் தாண்டி 18 இன்னிங்ஸ் வரை இழுபட்டது. அதில் எதிரணியான லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸின் ஷோஹெய் ஒட்டானி ஒன்பது முறை தளமேறினார்: இரண்டு ஹோம் ரன் (நமது சிக்ஸர் போல எல்லைக்கு வெளியே அடிப்பது), இரண்டு டபிள் (ஒரே அடியில் இரண்டாம் தளம் சேர்வது), ஐந்து வோக். அடிசராசரிக்கு அந்த ஐந்தும் கண்ணுக்கே தெரியாது. எங்கள் அணி தோற்றதில் அவற்றுக்கும் பங்கிருந்தது. அதனால் விஷயம் தெரிந்தவர்கள் தளமேறும் விகிதத்தையும், அடிக்க நிற்கும் ஒரு முறைக்கு அடியால் எத்தனை தளம் கிடைக்கிறது என்ற விகிதத்தையும் கூட்டி ஓபிஎஸ் என்று ஓர் எண்ணைச் சொல்வார்கள். .800 என்றால் நல்லவர், .900ஐத் தாண்டினால் எந்த அணியும் பணப்பையைத் திறக்கும். முதல் ஆண்டுக்கு இது போதும்.

குளிர்காலத்தில் ஏன் இந்தப் பேச்சு என்றால், பெரிய லீக்கில் ஆறு ஆண்டுச் சேவையை முடித்து, ஒப்பந்தமும் தீர்ந்தவர் பிறீ ஏஜன்ற் ஆகிறார். உலகத் தொடர் முடிந்து ஐந்து நாள் கழிந்தால் அவர் எந்த அணியோடும் ஒப்பந்தம் செய்யலாம். 1975இல் தொழிற்பிணக்கைத் தீர்க்கும் நடுவர் ஒருவரின் தீர்ப்பு வரும்வரை ஆட்டக்காரர் ஆயுள் முழுவதும் ஒரே முதலாளிக்குக் கட்டுப்பட்டவராகவே இருந்தார். ஆகவே "இவ்வளவு பணமா, அநியாயம்" என்று அந்த மில்லியன்களை நமது மணிக்கூலியால் வகுத்துப் பெருமூச்சு விடும் நம்மவர்களோடு சேர்ந்து நீங்களும் புலம்பாதீர்கள். அவர் வாங்காவிட்டால் அந்தப் பணம் உங்கள் சம்பளத்தில் சேரப்போவதில்லை, முதலாளியிடந்தான் தங்கும்.

வதந்தியை நம்ப வேண்டாம் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2023 டிசெம்பர் 8, வெள்ளிக்கிழமை, ஒட்டானி ரொறன்ரோவுக்கு வருகிறார் என்ற செய்தி கிளம்பியது. கலிபோர்னியாவிலிருந்து பியர்சன் விமான நிலையத்தை நோக்கி வந்துகொண்டிருந்த ஒரு தனியார் விமானத்தை ஆயிரக்கணக்கானோர் திரையில் பின்தொடர்ந்தோம். சுஷி உணவகம் ஒன்று முழுவதுமாகப் பதிவாகிவிட்டது என்றுகூடச் சொன்னார்கள். நான் வேலையிடத்தில் எல்லோருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டேன். விமானத்திலிருந்து இறங்கியவர் ஒரு கனேடியத் தொழிலதிபர்! மறுநாள் ஒட்டானி டொட்ஜர்ஸோடு பத்தாண்டுக்கு 700 மில்லியன் டொலர் என்று அறிவித்தார். அதில் 680 மில்லியன் ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரே கைக்கு வரும். அடுத்த குளிர்காலத்தில் ஹுவான் சோட்டோ என்ற அடிகாரரும் 765 மில்லியனுக்கு நியூயோர்க் மெற்ஸுக்குப் போனார். அப்போதெல்லாம் உணவறையில் ஒரே பாட்டு: "வரி அதிகம், குளிர் அதிகம், கனடாவுக்கு யார் வருவான்?" ஒன்ராறியோவில் பெருஞ்சம்பளக்காரருக்கு உச்ச வரி பாதிக்கு மேல் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் அணியின் நட்சத்திர அடிகாரர் விளாடிமிர் கெரேரோ ஜூனியர் 14 ஆண்டுக்கு 500 மில்லியன் என்று கையெழுத்திட்டு இங்கேயே தங்கிவிட்டார். பந்தெறிபவர் டிலன் சீஸ் இந்தக் குளிர்காலத்தில் ஏழு ஆண்டுக்கு 210 மில்லியனுக்கு வந்து சேர்ந்தார். இந்த நாட்டில் முப்பது ஆண்டு வாழ்ந்துகொண்டே இந்த நாட்டைக் குறை சொல்லும் சிலரின் வாயில் அந்தப் பாட்டைக் கேட்கும்போது எனக்குக் கோபந்தான் வருகிறது.

எடுத்த எடுப்பில் ஓர் ஒப்பந்தத்தைக் கேலி செய்வதும் கூடாது. ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் 2021 ஜனவரியில் ஆறு ஆண்டுக்கு 150 மில்லியனுக்கு வந்தவர். 2024இல் அவருடைய சராசரி .220. "கிழவனாகிவிட்டான், காசைக் கரைத்துவிட்டோம்" என்று சொல்லாதவர் இல்லை, நானும் சொன்னேன். 2025இல் அவர் .309 அடித்தார், 32 ஹோம் ரன், ஓபிஎஸ் .959. அக்டோபர் 20 இரவு சியாட்டிலுக்கு எதிரான அரையிறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்து அணியை உலகத் தொடருக்குக் கொண்டுபோனவரும் அவரே. மறுபுறம் அன்டனி சன்டான்டேர்: 2024இல் போல்டிமோருக்காக 44 ஹோம் ரன் அடித்தவர் என்று ஐந்து ஆண்டுக்கு 92.5 மில்லியனுக்கு எடுத்தோம். முதல் ஆண்டில் தோள் காயத்தோடு 54 ஆட்டம், ஆறு ஹோம் ரன், .175. அவரை இப்போது எல்லோரும் வசைபாடுகிறார்கள். இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் உணவறையில் இப்போது சூடு பறப்பது அநேகமாக எங்கள் அணியில் இருந்த போ பிஷெற்றைப் பற்றியதாகவே இருக்கும். முழங்கால் காயத்தோடு வந்து, உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், பந்தும் எறிபவரான ஒட்டானியின் பந்திலேயே மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தவர், .311 சராசரிக்காரர், அவரை மெற்ஸ் மூன்று ஆண்டுக்கு 126 மில்லியன் கொடுத்துக் கொண்டுபோய்விட்டது. விட்டது சரியா பிழையா என்று ஒருவர் உங்களிடம் கேட்டால், "அவருடைய இடத்தில் யார் நிற்பார்?" என்று திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பின் அவர் அரை மணி நேரம் பேசுவார். நீங்கள் சோற்றை நிம்மதியாகச் சாப்பிடலாம்.

இன்னொன்று: "இது நமது எல்லே விளையாட்டுத்தானே, பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகள் ஆடியது" என்று சொல்லிவிடாதீர்கள். தடியால் அடித்துத் தளம் தளமாக ஓடுவது இரண்டுக்கும் பொதுதான். ஆனால் இதைச் சொல்லித் தங்களை உயர்த்திக்கொள்ளும் நம்மவர்கள், சென்ற அக்டோபரில் நீலச் சட்டைக்கு முந்நூறு டொலர் கொடுத்து வரிசையில் நின்றதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கு 162 ஆட்டங்களில் ஒன்றையும் பாராமல், இறுதிக்கு வந்ததும் "நாங்கள்" என்று சொல்லத் தொடங்கியவர்கள் அவர்கள்.

நான் இந்த ஆட்டத்தைப் படித்தது வானொலியில்தான். நிலக்கீழ் அறையில் இருந்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் படமே தெளிவாக வராது. ஆகவே ஒரு சிறிய வானொலிப்பெட்டி வாங்கினேன். டொம் சீக் என்ற வர்ணனையாளர், 1977இல் அணி பிறந்த நாள்முதல் 2004வரை 4,306 ஆட்டங்களை ஒன்றுகூடத் தவறவிடாமல் வர்ணித்தவர். மேற்குக் கரை ஆட்டங்கள் எங்கள் இரவு வேலை நேரத்தில் நடக்கும். இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவில் அந்த நிதானமான குரலிலிருந்தே ஆங்கிலத்தின் வினைச்சொற்களைப் பொறுக்கினேன். பொஸ்ரன் "முடிந்துவிட்டார்" என்று கைவிட்ட கிளெமென்ஸ் 1997இல் 21 வெற்றிகளையும் மறு ஆண்டு 20 வெற்றிகளையும் எடுத்ததை, இரண்டு முறையும் சிறந்த பந்தெறிபவருக்கான சை யங் விருது வாங்கியதை, அந்தப் பெட்டியில்தான் கேட்டேன். பின்னாளில் அவர்மீது ஊக்கமருந்துச் சந்தேகம் விழுந்தது. அது வேறு கதை. ஆனால் 1997 கோடையில் ஓர் இரவு, அதே மேற்பார்வையாளர் என் பக்கம் வந்து, "முந்நூறு, இப்போது எத்தனை அவுட்?" என்று கேட்டார். "இரண்டு, மூன்றாம் தளத்தில் ஓர் ஆள் நிற்கிறார்" என்றேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

குளிரங்கி பற்றிக் கேட்டிருந்தீர்கள். முழங்காலுக்குக் கீழே இறங்குவதாகப் பார்த்து வாங்குங்கள்.