பட்டம் இருக்கிறது, வேலை எங்கே?

கேள்வி: 2023-இல் இயந்திரவியல் பொறியியல் முடித்தேன்; நிரந்தர வேலை அமையவில்லை. வேலைக்கு உத்தரவாதம் தருவதாகச் சொல்லும் மென்பொருள் பயிற்சி மையம் ஒன்று எண்பதாயிரம் ரூபாய் கேட்கிறது. அப்பா கடன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். சேரலாமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: கடன் வாங்கிச் சேர வேண்டாம். வேலை தருவது நிறுவனமே தவிர பயிற்சி மையம் அன்று; ஆகவே, வேலை கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுப்பார்களா என்று கேளுங்கள், தயங்கினால் விலகிவிடுங்கள்.

உங்கள் படிப்பு வீணாகிவிடவில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பகுதிகளின் வாகனத் தொழில் மின்சார வாகனங்களை நோக்கி நகர்வதால் என்ஜின் பாகங்கள் சார்ந்த பணிகள் குறையக்கூடும் என்றாலும், மோட்டார், பேட்டரி, தானியங்கி இயந்திரங்கள் ஆகியவற்றை அறிந்த இயந்திரவியல் பட்டதாரிக்கு அங்கே இடம் உண்டு. அந்த அறிவைத் தொழிற்கூடத்திலேயே பெற முடியும். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் பட்டதாரிகள் மாத உதவித்தொகையுடன் ஓராண்டு பயிற்சி பெறலாம். தென் மாநிலங்களுக்கு இதைக் கவனிக்கும் பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் நிறுவனம் பணியில் அமர்த்தியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் அடுத்த நேர்காணலில் பேசுவதற்கு உங்களிடம் உண்மையான அனுபவம் இருக்கும். தேர்ச்சி ஆண்டுக்கு வரம்பு உண்டா என்பதை அறிவிப்பில் பார்த்துக்கொண்டு, தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறவாதீர்கள். மென்பொருளில் உண்மையான விருப்பம் இருந்தால், முதலில் ‘நான் முதல்வன்’ போன்ற அரசுத் திட்டங்களில் உங்களுக்கு ஏற்ற பயிற்சி இருக்கிறதா என்று பாருங்கள்.