மகளின் தலையிடியும் பெட்டிக்குள் இருக்கும் பனடோலும்

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். இரண்டு வருடமாகத் தலையிடி. மாதத்தில் இரண்டு மூன்று தரம் கடுமையாக வரும், மஞ்சளாகச் சத்தி எடுப்பாள், யன்னல் எல்லாம் சாத்திவிட்டு நாள் முழுக்கப் படுத்திருப்பாள். சிலநேரம் இடி தொடங்கமுன் கரும்பலகையில் பாதி எழுத்துத் தெரியவில்லை என்கிறாள். மற்ற நாட்களிலும் லேசான இடி இருப்பதால் கிழமைக்கு நாலு நாளாவது பனடோல் போடுகிறாள். கண்ணாடி எடுத்தும் குறையவில்லை. படிக்கப் பஞ்சியில் நடிக்கிறாள் என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். 2009 இல் ஒன்றரை வயதில் என் கையில் இருந்தபோது செல் விழுந்து காதுக்குப் பின்னால் காயம்பட்டது. உள்ளே பீஸ் (செல்துண்டு) இருக்குமோ, கட்டியாக இருக்குமோ என்று எனக்கு நித்திரையில்லை. சின்னனில் முட்டு (ஆஸ்துமா) இருந்தது. நிறை 48 கிலோ.
– ஒரு தாய், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: அம்மா, பிள்ளை நடிக்கவில்லை. இதை அந்தச் சொந்தக்காரருக்கும் வாசித்துக் காட்டுங்கள். நானும் வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெடியனைப் பஞ்சி என்று நினைத்து அனுப்பியிருக்கிறேன், அவன் அடுத்த மாதம் திரும்பி வந்து கிளினிக் கொப்பியின் கடைசித் தாளில் தன் கண்ணுக்குத் தெரிவதைக் கீறிக் காட்டினான். பனைமட்டைக் கருக்குப் போலப் பல்லுப் பல்லாக ஒரு வளைவு, நடுவில் வெறுமை. அது மினுங்கிக்கொண்டே பெருத்து ஓரத்துக்குப் போகும் சேர், போனதும் இடி தொடங்கும் என்றான். பாடப்புத்தகத்தில் இருக்கிற படமும் கிட்டத்தட்ட அதுதான், அவன் அந்தப் புத்தகத்தைக் கண்டதேயில்லை. உங்கள் மகளுக்குக் கரும்பலகை பாதி மறைவதும் இதே வகைதான். பொதுவாக 5 நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தெளிந்துவிடும். கண்ணில் கோளாறு இல்லை, மூளையின் பின்பக்கத்தில் நடக்கிற ஒரு மின்மாற்றம், அதனால்தான் கண்ணாடி உதவவில்லை.

நீங்கள் எழுதியது அப்படியே ஒற்றைத் தலையிடி, மைக்ரேன். பெயரில் ஒற்றை இருந்தாலும் இளம் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும், நெற்றியிலும் இடிக்கும், அதைப் பார்த்துப் பீனிசம் என்று மாதக்கணக்கில் ஆவி பிடிக்கிறவர்கள் ஏராளம். மஞ்சளாகச் சத்தி வருவது பித்தம் தலைக்கேறியதால் அல்ல, வெறும் வயிற்றில் ஓங்காளித்தால் யாருக்கும் அப்படித்தான் வரும். சின்ன வயதில் பஸ்ஸில் ஏறினால் சத்தி எடுப்பாளா, காரணமில்லாமல் வயிறு நோகிறது என்பாளா, உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ இப்படி இடித்ததா என்று யோசித்துப் பாருங்கள். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, பருவமடைந்த பிறகு பெண்பிள்ளைகளுக்குத்தான் அதிகம்.

சரி, பனடோலுக்கு வருவோம். கிழமைக்கு நாலு நாள் என்றால் மாதத்துக்கு 16, 17 நாள். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் வலிக்குளிசை போட்டால் அந்தக் குளிசையே தலையிடியைக் கொண்டுவரும், அவளுடைய அந்த லேசான தினசரி இடி அனேகமாக இதனால்தான். மற்றப் பக்கம், உண்மையான இடி வருகிற நாளில் என்ன செய்கிறாள்? வகுப்பு முடியட்டும் என்று பொறுத்து, சத்தியும் எடுத்த பிறகு ஒன்று போடுவாள். மைக்ரேன் தொடங்கினால் இரைப்பை அசையாமல் நின்றுவிடும், விழுங்கினது குடலுக்குப் போகாமல் அங்கேயே கிடக்கும். ஆக, தேவையில்லாத நாளில் போடுகிறாள், தேவையான நாளில் பிந்திப் போடுகிறாள், அதுவும் குறைவாக.

48 கிலோவுக்கு பரசிற்றமோல் (பனடோல் அதுதான்) ஒரு தரத்துக்கு 720 மில்லிகிராம் அளவு (கிலோவுக்கு 15), அதாவது 500 இன் குளிசை ஒன்றரை. இடி தொடங்கி அரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், கிழமையில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். ஐபுபுரோபன் இன்னும் நன்றாகக் கேட்கும், ஆனால் முட்டு இருந்த பிள்ளை என்பதால் டொக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். காய்ச்சலோடு தலையிடி என்றால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுபுரோபன், டைக்ளோபெனக், அஸ்பிரின் மூன்றையும் தொடவே கூடாது. வவுனியாப் பக்கம் இத்தனை பேர் சிறுநீரக நோயோடு கிளினிக்குக்கு வருவதைப் பார்த்துக்கொண்டு, இந்த வெயிலில் தண்ணீரும் குடிக்காமல் பாமசியில் இந்த வகை வலிக்குளிசை வாங்கி விழுங்குவதைப் பார்க்க எனக்குப் பதறும். இவை போதாவிட்டால் சுமாட்ரிப்டான் போன்ற மைக்ரேனுக்கே உரிய மருந்து இருக்கிறது, சத்திக்கும் மருந்து இருக்கிறது, எழுதித்தான் வாங்க வேண்டும். தினசரிப் பனடோலை நிறுத்தினால் முதல் ஒன்றிரண்டு கிழமை இடி கூடும். சொல்லிவைத்துவிட்டு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே திரும்பப் பெட்டியைத் திறப்பாள்.

தொடர்ந்து போடும் தடுப்பு மருந்து வேண்டுமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் அமிட்ரிப்டிலின், டொப்பிரமேற், மருந்தில்லாத வெறும் குளிசை என்று மூன்றில் ஆளுக்கு ஒன்றைக் கொடுத்துப் பார்த்து 2017 இல் வெளியிட்டார்கள்: தலையிடி நாட்கள் பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் முறையே 52, 55, 61 சதவீதம். வெறும் குளிசை தோற்கவில்லை! அதனால் நான் இந்த வயதில் அவசரப்பட்டு எழுதுவதில்லை, பனடோலை நிறுத்தி இரண்டு மாதம் பார்த்துவிட்டுத்தான் யோசிப்பேன். புரொப்பிரனலோல் என்ற தடுப்பு மருந்தை எழுத யாராவது நினைத்தால் முட்டு இருந்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். அப்புறம், மாதவிலக்கு ஒழுங்கில்லை என்று ஹோர்மோன் குளிசை தருவதாக இருந்தால் கண் மறைக்கிற கதையைச் சொல்லுங்கள், ஈஸ்ட்ரோஜன் உள்ளது இப்படியானவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

பீஸ் விசயம். வன்னியில் இந்தப் பயம் இல்லாத வீடு குறைவு, சிரிக்க மாட்டேன். உலோகத்துண்டு இருந்தால் சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரியும், ஒருதரம் எடுத்துப் பார்த்துவிட்டால் உங்களுக்கும் நித்திரை வரும். இருந்தாலும்கூட, வந்து ஒரு நாளில் முழுதாகத் தெளிகிற இந்த மாதிரி இடிக்கு அது காரணமாக இருப்பது அரிது. ஆனால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் காயம்பட்ட கதையை முதலே சொல்ல வேண்டும், அது பெரிய காந்தம், இரும்புத்துண்டை அசைத்துவிடும். கட்டி என்றால் இடி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும், விடியப்புறம் எழுப்பும், குனிந்தால் இருமினால் கூடும், நடை தடுமாறும். இரண்டு வருடமாக வந்து வந்து போய், இடையில் படிக்கவும் சிரிக்கவும் முடிகிற பிள்ளைக்கு அந்தச் சாடை இல்லை. டொக்டர் கண்ணுக்குள் லைட் அடித்து அடிப்பகுதியைப் பார்த்து, பிரஷரும் பார்த்து, எல்லாம் சரி என்றால் ஸ்கான் தேவைப்படாது. இடி ஒரு நொடியில் உச்சத்துக்குப் போனால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், ஒரு கை கால் சோர்ந்தால், வலிப்பு வந்தால், பேச்சுக் குழறினால் யோசிக்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

மிச்சத்தைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

மகள், விடிய ஆறு மணி ரியூசனுக்கு பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பாடு அல்ல. புட்டோ பாணோ ஏதாவது வயிற்றுக்குள் போகட்டும், வெள்ளிக்கிழமை விரதத்தைப் பரீட்சை முடியும்வரை அம்மன் பொறுப்பா. சோளகக் காற்றில் புழுதியும் வெயிலுமாகச் சைக்கிள் மிதிக்கும்போது தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை படுப்பதும் இடியைக் கிளப்பும், சனியும் ஞாயிறும் அதே நேரத்துக்கு எழும்பு. வீட்டுக் கலண்டரில் இடித்த நாளுக்கு ஒரு வட்டம், குளிசை போட்ட நாளுக்கு ஒரு புள்ளடி, மாதவிலக்குக்கு ஒரு கோடு. முதல்நாளே அளவுக்கு மிஞ்சிக் கொட்டாவி வருகிறதா, இனிப்புத் தேடுகிறதா, எல்லாரிலும் எரிச்சலா, அதையும் குறி. வகுப்பு ரீச்சரிடம் இப்போதே சொல்லிவை: கண் மறைக்கத் தொடங்கினால் ஓய்வறையில் அரை மணித்தியாலம் படுக்க விட வேண்டும் என்று. குளிசை சாப்பாட்டுப் பெட்டிக்குள் அட்டையாக வேண்டாம், ஒரு நாளுக்கானது மட்டும் இருக்கட்டும்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கலண்டரையும் பழைய காயத்துக்குத் தந்த வைத்தியசாலைத் துண்டையும் எடுத்துக்கொண்டு மாவட்ட வைத்தியசாலை மருத்துவ கிளினிக்குக்கு அம்மாவோடு போ. அங்கே கேட்கிற கேள்விக்கு அம்மா பதில் சொல்ல வெளிக்கிடுவா, நீயே சொல்லு.