ஒரு கோப்பு சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை விழுத்தியது எப்படி?

ஹட்டனில் கணினி படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது: “2024 ஜூலை 19இல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய புதுப்பிப்பைச் சோதிக்கவே இல்லையா?”

சோதித்தார்கள் தம்பி, ஆனால் பழுது வெளியே தெரியாத விதத்தில். கோப்பு எத்தனை தகவல்களைப் பார்க்கலாம் என்ற வரையறையில் 21 உள்ளீடுகள், கணினியில் இருந்த அவர்களின் நிரல் கொடுத்ததோ 20. சோதனைகளில் 21ஆவது இடத்துக்கு ‘எதுவானாலும் சரி’ என்று விட்டிருந்தார்கள். புதுக் கோப்பு அந்த இடத்தை உண்மையிலேயே தேடியது; எல்லைக்கு வெளியே இருந்த நினைவகத்தைப் படித்தது. விண்டோஸின் கருவுக்குள் (kernel, இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓடும் மென்பொருள் என்பதால் கணினியே விழுந்தது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றும், விழுந்தவற்றில் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது வேறு. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினார்கள். நம் தோட்டத்தில்கூடப் புது மருந்தை முதலில் ஒரு மலையில் அடித்துப் பார்க்கலாம். பண்டாரவளையில் இருந்து நான் எழுதும் நிரலும் முதல் நாள் ஒரு வாடிக்கையாளருக்குத்தான் போகும், அப்புறம்தான் மற்றவர்களுக்கு.