முப்பது பேருக்கு ஓர் அட்டை

மதிப்பிற்குரிய ஐயா,

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவு அதிகாரியாக இருக்கிறேன். 2023இல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்த பிறகும் தொழிலாளர்கள் மன அழுத்தம் என்கிறார்கள். இரவு ஷிப்டில் பழுதான பொருள்களும் கூடுகின்றன. ஓரளவு அழுத்தம் இருந்தால்தான் வேலை நடக்கும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். தோட்டத்தில் நம் பாட்டிமார் முணுமுணுக்காமல் உழைக்கவில்லையா? இவர்களுக்கு யோகா வகுப்பு வைக்கலாமா?

வாசகர், பிறை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் அக்காவைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மணிக்கணக்கைப் பொறுத்தவரை, ஓவர்டைமுக்கு மாதம் 104 மணி வரை நம் சட்டம் இடம் தருவதை நீங்கள் சேர்க்கவில்லை, அதை விடுவோம். பயிற்சி வகுப்பில் சொன்னது 1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற உளவியலாளர்கள் எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துக் கண்டது. கற்க வேண்டியது கடினமானபோது அந்த எலிகளுக்குக்கூட மெல்லிய அதிர்ச்சியே உதவியது என்பதை வகுப்பில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பாட்டிமாரை இழுத்ததுதான் எனக்குக் கோபம். முணுமுணுக்கவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? என் அம்மா விடியுமுன் ஆளெண்ணும் பெரட்டுக்குப் போய், கங்காணியின் வசவையும் வாங்கிக்கொண்டு ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். அவர் முணுமுணுத்ததைக் கேட்டே நான் வளர்ந்தேன். ஆனாலும் தனக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரைக்குள் நுழைந்துவிட்டால் எந்த மரத்தடியில் நிற்பது, எப்போது வெற்றிலை போடுவது என்பது அவர் கையில் இருந்தது. 1980களில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணு ஆலை வேலைக்குச் சேர்ந்த என் அக்காவுக்குக் குளிரூட்டிய அறையும் நாற்காலியும் கிடைத்தன. நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மின்னணுச் சில்லில் (சிப்) இணைக்கும் வேலை. முப்பது பேர் கொண்ட அந்த லைனுக்குக் கழிப்பறை செல்ல ஒரே ஓர் அட்டை, அதுவும் சூப்பர்வைசர் மேசையில். அக்கா காலையிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டாள்.

வேலையின் பளுவும், அவ்வேலையில் தனக்கு எந்தப் பிடியும் இல்லாத நிலையும் ஒன்றுசேரும்போதுதான் மனிதர் நொறுங்குகிறார் என்று 1979இல் ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆய்ந்து எழுதினார். அதை அக்கா தன் சிறுநீரகத்தால் அறிந்திருந்தாள். அப்படி நொறுங்குகிறவர் வேலையில் மெதுவாவதோடு, பழுதையும் மறைக்கிறார். கம்பி ஒன்று சரியாக ஒட்டவில்லை என்று தெரிந்தும், சொன்னால் எல்லார் முன்னும் ஏச்சு விழும் என்பதால், அக்கா அதை அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவாளாம். உங்கள் இரவு ஷிப்டில் உடல் உறக்கம் கேட்கும் நேரத்துக் கைப்பிழையும் உண்டுதான். ஆனால் நீங்கள் எண்ணிப் பார்ப்பவை பிடிபட்ட பழுதுகள் மட்டுமே.

உங்கள் லைனில் ஒரு பெண் எழுந்து போக யாரைக் கேட்க வேண்டும், இயந்திரத்தை நிறுத்தும் பொத்தானை அவள் தானாகத் தொடலாமா என்று பார்த்து எழுதுங்கள். யோகாவைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.