சைக்கிள் சீற்றில் ஏன் இந்த வலி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் ஒரு முன்பள்ளி ஆசிரியை. ஒரு வழிக்கு எட்டுக் கிலோமீற்றர், பாதி கிரவல் வீதியும் மீதி பரந்தன் – முல்லைத்தீவு வீதியுமாக, சேலையோடு சைக்கிள் ஓடுகிறேன். போய் இறங்கும்போது முன்பக்கத்தில் விறைப்பும் எரிவும் இருக்கின்றன. கடையில் சொன்னபடி ஜெல் உறை வாங்கிப் போட்டும் குறையவில்லை, கூடியதுபோலத்தான் தெரிகிறது. பழகினால் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, விசுவமடு

பதில்: இல்லை, சகோதரி. புதிதாக ஓடத் தொடங்குபவருக்குப் பின்பக்க எலும்புகள் பதியும் இடத்தில் சில நாட்கள் நோவு இருப்பது இயல்பு, அது பழகிவிடும். முன்பக்கத்து விறைப்பு அப்படியல்ல. அங்குள்ள நரம்புகளும் இரத்தக் குழாய்களும் நெரிபடுவதாலேயே அது உண்டாகிறது. அதைப் பொறுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நாம் இருக்கும்போது உடலின் பாரத்தைத் தாங்க வேண்டியவை இடுப்பின் அடியில் இருபுறமும் உள்ள இருப்பெலும்பு முனைகள். பெண்களுக்கு இவற்றுக்கிடையிலான தூரம் பொதுவாக ஆண்களைவிடக் கூடுதலாக இருப்பதால், ஒடுக்கமான சீற்றில் எலும்புகள் விளிம்புக்கு வெளியே போய்விட, பாரம் முழுவதும் நடுவிலுள்ள மென்மையான பகுதியில் இறங்குகிறது. அதன்மேல் ஜெல் உறையைப் போட்டால் எலும்புகள் அதற்குள் புதைய, நடுப்பகுதி மேலே பிதுங்கி இன்னும் அழுத்துகிறது. மெத்தென்ற சீற் கடையில் கையால் அமுக்கிப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நீண்ட ஓட்டத்துக்கு உறுதியான, அளவான சீற்றே சுகம். ஆகவே முதலில் அந்த உறையைக் கழற்றுங்கள்.

அடுத்து, உங்கள் அளவை நீங்களே எடுக்கலாம். உள்ளே அலைமடிப்பு உள்ள காட்போட் மட்டைத் துண்டொன்றைச் சீமெந்துப் படியில் வைத்து, மெல்லிய உடையோடு அதன்மேல் இருந்து, குதிக்கால்களைச் சற்று உயர்த்தி ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள். எழுந்து பார்த்தால் மட்டையில் இரண்டு பள்ளங்கள் தெரியும். வெளிச்சத்தைச் சரிவாகப் பிடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு அளந்துகொள்ளுங்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் 110 முதல் 150 மில்லிமீற்றருக்குள் வரும். நம்மூர் லேடீஸ் சைக்கிளில் முதுகை நிமிர்த்தி இருந்து ஓடுபவர் இதனோடு ஏறத்தாழ 30 முதல் 40 மில்லிமீற்றர் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த அகலத்தில், அடியில் ஸ்பிரிங் உள்ள, நடுவில் பள்ளமோ திறப்போ விட்ட சீற்றைத் தேடுங்கள். கிரவலுக்கு ஸ்பிரிங் மிகவும் உதவும். அளவுக்கு மீறி அகலமானதும் வேண்டாம். அது உள்தொடையை உரசிப் புண்ணாக்கும்.

வாங்குமுன் இப்போதுள்ள சீற்றின் சரிவையும் பாருங்கள், ஏனென்றால் பலருடைய வலி அதிலேயே தீர்ந்துவிடுகிறது. சமதரையில் சைக்கிளை நிறுத்தி, சீற்றின் மேல் நீளவாட்டில் ஒரு பலகையும், அதன்மேல் பாதி நீர் நிரப்பி மூடிய போத்தலும் படுக்க வையுங்கள். நீர் இரு முனையிலும் ஒரே உயரத்தில் நின்றால் சீற் மட்டமாக இருக்கிறது. முன்மூக்கு உயர்ந்திருந்தால் அதுதான் உங்களை நெரிக்கிறது. மட்டமாகவோ, மூக்கு மிகச் சிறிதளவு தாழ்ந்தோ இருக்கலாம். கூடத் தாழ்த்தினால் முன்னே வழுக்கி, பாரம் கைகளுக்குப் போய்விடும். சீற்றின் அடியிலுள்ள கிளாம்பின் உட்புறத்தில் சிறு பற்கள் இருக்கின்றன. அவை தேய்ந்துவிட்டால் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் ஒவ்வொரு குழியிலும் சீற் பின்னே சரிந்து மூக்கு மேலெழும். கிரவலில் ஓடும் பழைய சைக்கிள்களில் இது அடிக்கடி நடக்கிறது. கிளாம்பை மாற்றச் சொல்லுங்கள். சீற்றை மாற்றுவதைவிடச் செலவு குறைவு.

சேலை ஓட்டத்தில் உள்பாவாடையின் தடித்த தையலும் மடிப்புகளும் சீற்றுக்கும் உடலுக்கும் இடையில் சிக்குகின்றன. தையல் நடுவில் வராத பருத்தி உள்ளாடையும், உள்பாவாடைக்குள் இறுக்கமில்லாத குட்டைக் காற்சட்டையும் உரசலைப் பெரிதும் குறைக்கும். வியர்த்த உடையோடு நாள் முழுவதும் இராமல் மாற்றிக்கொள்ள வழி செய்யுங்கள். புண், கட்டி, சிறுநீர் கழிக்கும்போது எரிவு, இறங்கிய பின்னும் நீங்காத விறைப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் வைத்தியரைக் காணுங்கள். பேசக் கூச்சமாக இருந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் சொல்லலாம்.

யாரிடம் கேட்பது என்று தயங்குபவர் நீங்கள் மட்டுமல்ல. பொருளாதாரத் தடைக் காலத்திலும் 2022 எரிபொருள் நெருக்கடியிலும் வன்னிப் பெண்கள் எத்தனையோ பேர் சைக்கிளையே நம்பி இருந்தார்கள். சீற் எப்படி இருக்கிறது என்று அவர்களிடம் கேட்டவர் மிகக் குறைவு. அமெரிக்காவில் ஜோர்ஜினா ரெரி என்ற பொறியியலாளர் பெண்களின் உடலமைப்புக்கென்றே சைக்கிள் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கியதும் 1985 இல்தான்.

கேள்வி: பாடசாலைக்குச் சைக்கிளில் போகும் என் பதின்மூன்று வயது மகளுக்கு இரு தொடைகளும் உரசிச் சிவந்துவிடுகின்றன. சைக்கிள் அவளுக்குப் பெரிது. வளர்ந்துவிடுவாள்தானே என்று விட்டிருக்கிறோம்.
– தாய், மாங்குளம்

பதில்: வளரும் வரை காத்திருக்க வேண்டாம், அம்மா. சீற் உயரமாக இருந்தால் பெடலை எட்டுவதற்காக இடுப்பு ஒவ்வொரு மிதிக்கும் இடமும் வலமுமாகச் சாயும். அந்தச் சாய்வே உரசுகிறது. மகளைச் சீற்றில் இருக்கச் செய்து, நீங்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, பெடல் அடியில் நிற்கும்போது அவளுடைய குதிக்கால் அதில் படுகிறதா என்று பாருங்கள். எட்டாவிட்டால் சீற்றைத் தாழ்த்துங்கள். முழுவதும் தாழ்த்தியும் எட்டவில்லை என்றால், உயரம் கூடிய உறவுப் பிள்ளை யாரிடமாவது சிறிய சைக்கிள் இருக்கிறதா என்று விசாரித்து, இரண்டு வருடங்களுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.