எந்தக் காலேஜ் டாக்டர்?

கேள்வி: இரண்டு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று பெயர்பெற்றது, ஆனால் பெரிய கடன் வாங்கித்தான் சேர முடியும். இன்னொன்றின் பெயர் அவ்வளவாக யாருக்கும் தெரியாது, செலவு பாதிதான். எதில் சேர்வது?

பதில்: இரண்டு கல்லூரிகளின் மருத்துவமனைக்கும் ஒரு காலை நேரத்தில் போய் நின்று பாருங்கள். புறநோயாளிகள் வரிசை எவ்வளவு நீளம்? வார்டில் கட்டில்கள் நிரம்பியிருக்கின்றனவா? இறுதியாண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, "இதுவரை எத்தனை பிரசவம் நீங்களே பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சட்டென்று ஒரு எண் சொன்னால் நல்ல சகுனம். நோயாளிகளே வராத இடத்தில் எவ்வளவு பெரிய பேராசிரியர் இருந்தாலும் கைப்பழக்கம் வராது. பெயர்பெற்ற இடங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. சில வார்டுகளில் முதுநிலை மாணவர்களே எல்லா வேலையையும் முடித்துவிடுவார்கள். இளநிலைப் பிள்ளைகள் பின்வரிசையில் நின்று எட்டிப்பார்க்க வேண்டியதுதான்.

கடனையும் லேசாக நினைக்காதீர்கள். குழந்தை மருத்துவம்தான் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்து, தவணை கட்டுவதற்காகவே வேறு துறைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். நானாக இருந்தால், வார்டு நிரம்பியிருக்கும் பட்சத்தில், செலவு குறைந்ததில்தான் சேர்வேன்.

கேள்வி: அமெரிக்காவில் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிறகான மருத்துவமனைப் பயிற்சி) செய்ய ஆசை. என் கல்லூரியை அங்கே யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். வாய்ப்பு உண்டா?

பதில்: உண்டு. உலக மருத்துவக் கல்லூரிகள் பட்டியலில் உங்கள் கல்லூரி இருக்கிறதா, அதன் கீழ் ஈசிஎஃப்எம்ஜி (வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கு அங்கே சான்று தரும் அமைப்பு) குறிப்பும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அங்கே டாக்டராவதற்கான உரிமத் தேர்வே எழுத முடியாது.

பெயர் தெரியாத கல்லூரியில் படித்தவர்களுக்கு முன்பு ஒரு வழி இருந்தது: யுஎஸ்எம்எல்இ என்ற அந்த உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1-இல் 250 மதிப்பெண்ணுக்கு மேல் எடுத்துத் திரும்பிப் பார்க்கவைப்பது. 2022 ஜனவரியிலிருந்து அந்தக் கட்டத்துக்கு பாஸ், ஃபெயில் மட்டும்தான். நியாயத்துக்காகச் செய்த மாற்றம் என்றாலும், உங்களைப் போன்றவர்கள் கையிலிருந்த ஒரு துருப்புச்சீட்டை அது பிடுங்கிவிட்டது என்பதே என் எண்ணம். அடுத்த கட்டமான ஸ்டெப் 2 சிகே-வுக்கு (மருத்துவ அறிவைச் சிகிச்சையில் பயன்படுத்துவதைச் சோதிப்பது) இன்னும் மதிப்பெண் உண்டு. உழைப்பை அங்கே போடுங்கள். அதற்கடுத்தது, அமெரிக்க மருத்துவமனையில் உங்களோடு வேலை பார்த்த டாக்டர் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதம். பொது மருத்துவம், குடும்ப மருத்துவம் போன்றவற்றில் வெளிநாட்டுப் பட்டதாரிகள் நிறையப் பேர் சேர்கிறார்கள். தோல் மருத்துவமும் நரம்பு அறுவை சிகிச்சையும் கடினம். அங்கே கல்லூரிப் பெயர் இன்னும் பேசும்.

கேள்வி: எல்லா நாட்டிலும் இப்படித்தானா?

பதில்: இல்லை. பிரிட்டனில் 2024 முதல் பயிற்சி மருத்துவர் இடங்களைப் பிரித்துத் தர, கணினியே குலுக்கல்போல ஆளுக்கொரு வரிசை எண் போடுகிறது. கல்லூரிப் பெயர் உள்ளே நுழைய அதில் வழியில்லை.

கேள்வி: பெரிய கல்லூரியில் படித்த டாக்டரிடம் போனால் சீக்கிரம் குணமாகுமா?

பதில்: இதை அமெரிக்காவில் ஆராய்ந்து பார்த்து, 2018-இல் பிஎம்ஜே என்ற பிரிட்டன் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். மருத்துவமனையில் சேர்ந்த 65 வயதுக்கு மேற்பட்ட மெடிகேர் (அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு) நோயாளிகளைப் பற்றிய ஆய்வு அது. டாக்டர் படித்த கல்லூரி யுஎஸ் நியூஸ் நிறுவனம் வெளியிடும் தரவரிசையில் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும், 30 நாளுக்குள் நேர்ந்த இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. மேலே உள்ள கல்லூரிக்காரர்களிடம் செலவு கொஞ்சம் குறைவாக இருந்தது, அவ்வளவுதான். இன்னொன்று: 2023 ஜனவரியில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியே, இனி அந்தத் தரவரிசைக்குத் தகவல் தரமாட்டோம் என்று விலகிக்கொண்டது.

கேள்வி: மகளுக்கு ஆராய்ச்சியில்தான் ஈடுபாடு. அவளுக்கும் இதே பதில்தானா?

பதில்: இல்லை. அவள் பெயர்பெற்ற இடத்துக்கே போகட்டும். ஆய்வகம், ஆராய்ச்சி நிதி, கட்டுரை எழுதக் கற்றுத்தரும் வழிகாட்டி எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கின்றன.

கேள்வி: பன்னிரண்டு வருடமாக பிராக்டிஸ் செய்கிறேன். கருத்தரங்குகளில் "நீங்க எந்தக் காலேஜ்?" என்று கேட்டால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

பதில்: மருத்துவமனைக்கு டாக்டர் எடுக்கும் குழுக்களில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். பயோடேட்டாவில் இளநிலைப் பட்டம் இருக்கும் வரிக்குக் கண் போவதற்குள், கடைசியாக வேலை பார்த்த இடத்துக்கு யாராவது ஒருவர் போன் போட்டிருப்பார். அங்கே கேட்பது ஒரே கேள்வி: "ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டா வருவாரா?"